தண்டவாளத்தைக் கடந்த ஆறுகால் வீடு

அன்றைக்கு அந்த ரயில்வே கேட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான். கேட்மேனாகிய நான். என் மனைவி சரோஜா. கூரைக்கு அடியில், பட்டப்பகலில், எரிகிற அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற காத்தமுத்துப் பெரியவர். சட்டிபானைகளைத் தலையிலும் இடுப்பிலும் வைத்துக்கொண்டு வெளியே நின்ற அவர் சம்சாரம் அஞ்சலை. அந்தக் கூரையைத் தோளில் தாங்கிய சேரி ஆட்கள். அவர்கள் முகம் யாருக்கும் தெரியவில்லை, கால்கள் மட்டும் தெரிந்தன. முன்னால் நடந்து அவர்களுக்குக் குரல் கொடுத்துவந்த மாரியப்பன். பின்னால் மாட்டுவண்டியில் பண்ணை சாமிநாத அய்யா, வண்டி ஓட்டிவந்த கோவிந்தன். டெலிபோனின் அந்த முனையில் ஸ்டேஷன் மாஸ்டர் ஜெபமணி சார். கூரைக்குள் தொங்கிய கூடையில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் என்னைப் பார்க்க வந்த ஒரு இளம் கேட்மேன். அந்தக் கேட்டை எடுத்துவிட்டு அடியில் சுரங்கப்பாதை போட்டுவிட்டார்கள். அவனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். என் வீட்டில் காபி குடித்துக்கொண்டே கேட்டான். “ஏண்ணே, பென்ஷன் வருது. நீடாமங்கலம் டவுன்ல ஒரு வீடு பார்க்காம, இந்தக் காலனியில வந்து உக்காந்துட்டீங்களே?”

பார்க்காமல் இல்லை. ரிட்டையர் ஆனதும் நானும் சரோஜாவும் டவுனில் தெருத்தெருவாக வாடகை வீடு தேடினோம். வீட்டுக்காரர்கள் எல்லாரும் நல்லவிதமாகத்தான் பேசினார்கள். எந்த ஊர் என்றார்கள். முத்துப்பேட்டைப் பக்கம் என்றேன். ஊரில் எந்தத் தெரு என்றார்கள். நான் சேரியில் பிறந்தவன். தெருவைச் சொன்னதும், மகள் பிரசவத்துக்கு வருகிறாள், வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது, இப்போதைக்கு விடுவதாக இல்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வயதான காலத்தில் வீடு மாறுகிறவன் சாமான்களை மட்டும் தூக்கிக்கொண்டு போவதில்லை. பிறந்த தெருவையும் தூக்கிக்கொண்டு அலைகிறான். அது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. அந்தக் கூரை தண்டவாளத்தைக் கடந்த அன்றே பார்த்திருக்கிறேன். அந்தப் பையனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். கொஞ்ச நாள் நடவு, அறுப்பு. அப்புறம் ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து தண்டவாளத்துக்கு ஜல்லி இடித்தேன். முதுகு போனதும் கேட்டில் உட்காரவைத்தார்கள். நான் ஆரம்பத்திலிருந்தே பயந்த சுபாவம். கேட்டைப் பூட்டிவிட்டு வந்து உட்காருவேன். பூட்டினோமா என்று போய் ஆட்டிப் பார்ப்பேன். சரோஜாவை அனுப்பி அவளையும் ஆட்டிப் பார்க்கச் சொல்வேன். “பூட்டு தேஞ்சுடும், விடுங்க” என்பாள். வேறு எந்த வேலையிலும் என்னை வைத்திருக்க மாட்டார்கள். இந்த வேலைக்குப் பயந்தவன்தான் வேண்டும்.

முறை இதுதான். ரயில் புறப்படுமுன் ஸ்டேஷனிலிருந்து கேட்டுக்கு போன் வரும். நான் இரண்டு பக்கமும் கேட்டைச் சாத்திப் பூட்டிவிட்டு வந்து, என்னிடம் உள்ள தாளில் அடுத்து என்ன எண் இருக்கிறதோ அதை ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்வேன். பிரைவேட் நம்பர் என்பார்கள். அவர் அதை எழுதிக்கொண்ட பிறகுதான் கைகாட்டி இறங்கும், ரயில் நகரும். நான் நம்பர் சொல்லாதவரை ரயில் நின்ற இடத்தில்தான் நிற்கும். ஐந்தாவது படித்தவன் வாயிலிருந்து வரும் ஒரு எண்ணுக்காக அத்தனை பெரிய ரயில் காத்திருக்கிறது என்பதை நினைத்து நான் பெருமைப்பட்டதில்லை. எண்ணைச் சொல்லுமுன் தாளில் விரல் வைத்து இன்னொரு தடவை படித்துக்கொள்வேன்.

ஜெபமணி சாருக்குச் சொந்த ஊர் தரங்கம்பாடி. ஒல்லியான மனிதர். எந்தக் கேள்வியையும் இரண்டு தடவை கேட்பார். முதல் தடவை சாதாரணமாக, இரண்டாம் தடவை இன்னும் மெதுவாக. “கேட் சாத்தியாச்சா?” கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்கும். அப்புறம், “கேட்… சாத்தியாச்சா?” அந்த இடைவெளியில் நான் ஜன்னல் வழியாக இன்னொரு முறை பார்த்துக்கொள்வேன். அவரிடம் வேலை பார்த்த காலம் முழுவதும் சீக்கிரம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை.

எங்கள் கேட்டுக்கு மேற்கே ஊர். ஊரைத் தாண்டி, வடிகால் ஓரத்துப் பள்ளத்தில் சேரி. கிழக்கே ஸ்டேஷன், அதற்கு இந்தப் பக்கம் களர் பிடித்த ஒரு மேட்டு நிலம். அப்போது கழக ஆட்சி வந்து, குடியிருக்கிற மனை அவரவருக்கே என்று சட்டமும் வந்திருந்தது. கூலித் தகராறும் குத்தகைத் தகராறும் ஓய்ந்தபாடில்லை. சட்டம் மனையைக் கொடுத்தாலும், அந்த மனை ஐப்பசி கார்த்திகையில் தண்ணீருக்குள் போய்விடும். அதனால் மேட்டு நிலத்தில் காலனி மனை அளந்துவிட்டார்கள். இப்போது நான் இருக்கிற காலனி அதுதான். இளவட்டங்கள் உடனே போய்விட்டார்கள். வயதானவர்கள் நகரவில்லை. அங்கே ஒரு மரம் கிடையாது, ஒரே ஒரு அடிபம்பு. ரேஷன் கடையும் மளிகைக் கடையும் ஊர்த்தெருவிலேயே இருந்தன. சேரிதான் ஆகாத இடம், ஆனாலும் அங்கே விழுந்தால் தூக்கிவிட ஆள் உண்டு என்பார்கள்.

அவர்களில் காத்தமுத்துப் பெரியவர் மட்டும் போவதென்று முடிவு செய்தார். பிள்ளை குட்டி இல்லாதவர். கேட்டருகே வந்து நின்று ஏன் என்று என்னிடம் சொன்னார். “தம்பி, மழைக்காலத்துல நான் செத்தா, எங்க ஆளுங்க மார் அளவு தண்ணியில தூக்கிட்டுப் போவணும். ஊர்த்தெரு வழியா வுட மாட்டாங்க. காலனியிலேர்ந்து சுடுகாடு பக்கம். யாருக்கும் கஷ்டம் இல்ல பாரு.”

வெற்றிலை பாக்கு வாங்கப் போகிற மாதிரி சொன்னார். நானெல்லாம் டிரான்ஸ்பர் வருமோ என்று பயந்து தூங்காமல் கிடப்பவன்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கூரையைப் பிரிக்கக் கூடாது. கூலித் தகராறு முற்றிய வருஷம் அவர் வீட்டை யாரோ கொளுத்திவிட்டார்கள். அதன்பின் கூரைச் சட்டத்துக்குப் பனங்கை பனங்கையாகத் தேடி அவரே கட்டிய கூரை அது. பழைய கயிறு, பழைய வாரைக்கழி. பிரித்தால் பாதி உடையும், திரும்பக் கட்டக் கையில் வலுவும் இல்லை. முழுசாகத் தூக்கிக்கொண்டு போய், புது மனையில் ஊன்றிய ஆறு கால்மேல் வைத்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் அது புதிதில்லை. தோள்கள் இருந்தால் போதும். நாளும் குறித்தாகிவிட்டது. அமாவாசை. அன்றைக்கு ஏர் பூட்ட மாட்டார்கள், ஆட்கள் சும்மா இருப்பார்கள். மறுநாள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., வந்து, எந்த மனையில் வீடு நிற்கிறதோ அதற்குத்தான் பட்டா எழுதுவதாகத் தண்டோரா போட்டிருந்தார்கள். வெறும் மனையாகக் கிடந்தால் வேறு ஆளுக்கு. ஆகவே அந்த ஒரு நாள்தான்.

வழிதான் இல்லை. ஊர்த்தெரு வழியாக மூட்டை முடிச்சு போகலாம், கூரை போகக் கூடாது என்றார்கள் ஊர்க்காரர்கள். கரண்டு கம்பி தாழ்வாக இருக்கிறதாம். கம்பி தாழ்வுதான், பொய்யில்லை. அறுவடை நாளில் அதே கம்பிக்கு அடியில் வைக்கோல் போர் ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. வயல்கள் நட்டுக் கிடந்தன. மிச்சம் வாய்க்கால் கரை ஒன்றுதான். அது வந்து சேருவது என் கேட்டில்.

பெரியவர் ஒரு கயிறு கொண்டுவந்து கேட்டை அளந்தார். கம்பத்துக்குக் கம்பம் வைத்துப் பார்த்தார். முடிச்சுக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு சாண் மிச்சம் இருந்தது. “தாராளமாப் போவும்” என்றார். நான் பயந்துகொண்டே ஜெபமணி சாரிடம் சொன்னேன். “கூரையா?” என்றார். “கூ…ரையா?” என்றார். மத்தியானம் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நல்ல இடைவெளி இருக்கிறது, அதற்குள் முடித்துவிடு என்றார்.

அன்றைக்குக் கரையில் அது வந்ததை எப்படிச் சொல்வது. வானம் மூட்டமாக இருந்தது. பச்சை நடவுக்கு நடுவே, பழுப்பாக ஒரு குன்று எழுந்து நகர்ந்து வருகிற மாதிரி வந்தது. கொக்குகள் கிளம்பிப் பறந்து, பக்கத்து வயலில் உட்கார்ந்து, திரும்பிப் பார்த்தன. கூரைக்கு அடியில் வரிசையாகக் கால்கள். நீளவாக்கில் மூங்கில்களைக் கொடுத்து, எல்லாரும் உள்ளேயிருந்தே தோள் கொடுத்திருந்தார்கள். நடுவில் விளக்கு. அடுப்படியில் எரிந்த விளக்கு அணையாமல் புது மனைக்குப் போனால்தான் அது வீடு மாறுவது, இல்லாவிட்டால் வெறும் ஓலை மாறுவது என்று பெரியவர் சொல்லியிருந்தார். சரோஜா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “வீடு நடக்குதுங்க” என்றாள். அவளும் சேரியில் பிறந்தவள்தான். ஆனாலும் இதைக் கோயிலில் தேர் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேட்டின் மேற்குப் பக்கம் உள்ளே வந்துவிட்டது. அந்தப் பக்கத்துக் கம்பத்தில் முன்பொரு முறை நெல் லாரி மோதி, கொஞ்சம் தள்ளி நட்டிருந்தார்கள், அதனால் அங்கே அகலம் கூடுதல். தண்டவாளத்தில் ஏறியது. கிழக்குக் கம்பத்துக்கு வந்ததும் சரக்கென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

மாரியப்பன் “தள்ளு” என்றான். தள்ளினார்கள். இரண்டு கம்பத்திலும் கேட்டை மாட்டுகிற கொக்கிகள் ஓலைக்குள் ஏறிக்கொண்டன. பின்னால் இழுத்தால் வாரை முறிகிற சத்தம். முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. கீழே இறக்கவும் முடியாது. கால் இல்லாத கூரையைத் தரையில் வைத்தால் நாலாபக்கமும் விரிந்து படுத்துவிடும்.

பெரியவர் அளந்ததில் பிழை இல்லை. அவர் வீட்டை அளந்தார். எங்கள் ஆட்களுக்கு வீடென்றால் கால் கணக்கு. நாலுகால் வீடு, ஆறுகால் வீடு. காலிலிருந்து கால்வரைதான் வீடு. அதற்கு வெளியே ஓலை நீட்டிக்கொண்டிருக்கிறதே, இறவாரம், அதை யாரும் வீட்டோடு சேர்ப்பதில்லை. பெரியவர் கயிற்றில் அது இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும், என் பயத்துக்குமே அது தோன்றவில்லை. நானும் கால் கணக்கில் வளர்ந்தவன்தானே.

கரையில் மெதுவாக வந்ததும் மாட்டிக்கொண்டதுமாக அந்த இடைவெளி தீர்ந்துவிட்டது. அப்போது போன் அடித்தது.

“கேட் சாத்தியாச்சா?”

“இல்ல சார்.”

மூச்சு. “கேட்… சாத்தியாச்சா?”

“கூரை மாட்டிக்கிச்சு சார். தண்டவாளத்து மேல நிக்குது. உள்ள ஆள் இருக்காங்க.”

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பாசஞ்சர் ஸ்டேஷனில் நின்று மூச்சு விடுவது போனில் கேட்டது. வண்டி தாமதமானால் அவருக்கும் மேலே பதில் சொல்லவேண்டும். அவர் சொன்னது இதுதான்: “அப்ப எனக்கு நம்பர் சொல்லாதே. நானும் கேக்க மாட்டேன். கூரை போனதும் நீயே கூப்பிடு.” போனை வைத்துவிட்டார்.

நம்பர் சொல்லாதபோது ரயில் வராது. எனக்குத் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சரோஜாவிடம் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்து ஒரு பக்கம் ஓடவிட்டு, இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு நான் ஸ்டேஷனைப் பார்த்து நின்றேன். பின்னால் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. ஓட்டிவந்த கோவிந்தன் என்னைப் பார்த்துச் சிரித்தான். “என்ன கேட்டுக்காரரே, நீங்களும் செங்கொடி சங்கத்துல சேந்துட்டீங்களா?”

வண்டியில் சாமிநாத அய்யா. சேரி இருந்த பள்ளமும் சுற்றிலும் உள்ள நிலமும் ஒரு காலத்தில் அவருடையவை. சட்டத்தில் கொஞ்சம், விற்றதில் கொஞ்சம் போய், வீடும் ஆளில்லாமல் கிடந்தது. பக்கத்தில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கூஜா. அந்தப் பாசஞ்சரைப் பிடிக்கத்தான் வந்திருந்தார். தடியை ஊன்றி இறங்கி, கம்பத்துப் பக்கச் சந்து வழியாக முன்னால் வந்து, கூரையைப் பார்த்தார்.

“யாருடா உள்ள? காத்தானா?”

கூரைக்குள்ளிருந்து குரல் வந்தது. “ஆமாங்கய்யா.”

“எங்கடா போற?”

“காலனிக்குங்க. அய்யா எங்க கெளம்பிட்டீங்க?”

“மெட்ராஸ். பையன் வீட்டுக்கு.”

“எப்ப திரும்புவீங்க?”

அய்யா தண்டவாளம் போகிற திசையைப் பார்த்தார். “மாடியில ஒரு ரூமு ஒழிச்சு வச்சிருக்கானாம்” என்றார்.

“மாடியா. ஏறி எறங்கணுமேங்கய்யா.”

“ஆமா.”

இரண்டு கிழவர்கள். ஒருவர் ஓலைக்கு உள்ளே, ஒருவர் வெளியே. முகம் பார்க்காமல் பேசினார்கள். ஒருவர் ரயிலேறி அத்தனை தூரம் போகிறார், அவரை எந்தத் தெருவும் வழிமறிக்கவில்லை. மற்றவர் கூப்பிடு தூரம் போக, தண்டவாளத்தில் நிற்கிறார். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு யாரைப் பார்த்துப் பரிதாபப்படுவதென்று தெரியவில்லை.

உள்ளே தோள்கள் சோர ஆரம்பித்தன. கூரை ஒருபக்கம் லேசாகச் சாய்ந்தது. மாரியப்பன் குனிந்து கேட்டான். “பெரியப்பா, ரெண்டு பக்கமும் எறவாரத்த அறுத்துடலாமா?”

அஞ்சலை உடனே சொன்னாள். “அறுத்தா சாரல் அடிச்சு மண்ணுசெவுரு கரைஞ்சுடும்டா. ஐப்பசி பொறக்கப்போவுது.”

உள்ளேயிருந்து பெரியவர் சொன்னார். “அறுங்கடா. எறவாரம் நமக்கா விட்டோம்? வேலைக்குக் கூப்பிட வந்தா அய்யா நிக்கறதுக்கு விட்டது. உள்ள வரமாட்டாங்களே, மழையில நனைவாங்களேன்னு விட்டது. அய்யாவே ஊர விட்டுப் போறாங்க. இனிமே எதுக்கு?”

குத்தலாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்க்கிறவர் குரல் அது. கோவிந்தன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

சாமிநாத அய்யா தடியின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, “கோவிந்தா, வண்டியில அரிவாள் இருக்குல்ல?” என்றார்.

கோவிந்தன் ஊர்த்தெருக்காரன். சேரிக் கூரையில் கைவைக்கத் தயங்கினான். “அய்யா, நாமளா?”

“அறுடா” என்றார் அய்யா.

ஒரு பக்கம் கோவிந்தன், ஒரு பக்கம் மாரியப்பன். சரசரவென்று ஓலை விழுந்தது. காய்ந்த ஓலைக்குள்ளிருந்து பழைய புகையின் வாசனை வந்தது. கொக்கிகள் விடுபட்டன. மாரியப்பன் குரல் கொடுத்தான். உள்ளேயிருந்து அத்தனை தொண்டையும் ஒன்றாகப் பதில் சொன்னது. கூரை ஒரு மூச்சு இழுத்த மாதிரி எழுந்து, இரண்டு கம்பத்துக்கும் நடுவே தொட்டும் தொடாமலும் புகுந்து, அந்தாண்டை போய்விட்டது. கம்பங்களின் அடியில் இறவாரம் இரண்டு வரிசையாகக் கிடந்தது. அதற்கு நடுவில் அய்யாவின் வண்டியும் போனது.

நான் கேட்டைச் சாத்தினேன். ஆட்டிப் பார்த்தேன். போனைச் சுற்றினேன். ஜெபமணி சார், “எல்லாரும் போயாச்சா?” என்றார். பண்ணை அய்யா வண்டி ஸ்டேஷனுக்கு வந்துகொண்டிருக்கிறது என்றேன். “சரி, வரட்டும்” என்றார். கேட்டில் தடை, அகற்றப்பட்டது என்று மட்டும் எழுதினார். மெமோ வருமென்று அந்த வருஷம் முழுக்கத் தபால்காரரைப் பார்த்தாலே பயந்தேன். வரவில்லை.

பாசஞ்சர் கேட்டைக் கடந்தபோது ஜன்னலில் அய்யா உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கூரை கால்களின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. ரயில் வளைவில் திரும்பும்வரை அவர் தலை அந்தப் பக்கமே இருந்தது.

அஞ்சலை பயந்தபடி ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் டியூட்டி மாற்ற ஆள் வந்ததும் காலனிக்குப் போனேன். வீடு நின்றதே தவிர பட்டா எழுதுவார்களா என்று எனக்கு உதறல். சுவர் இன்னும் வைக்கவில்லை, சுற்றிலும் தட்டி கட்டியிருந்தார்கள். இதை வீடென்று ஆர்.ஐ. ஒத்துக்கொள்வாரா? சேரிக்கு வருகிற அதிகாரிகளை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வாசலில் இறவாரத்துக்கு அடியில் நின்று, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். தண்ணீர்கூட வாங்க மாட்டார்கள்.

ஆர்.ஐ. குடையோடு வந்தார். பழக்கத்தில் வாசல் ஓரம் ஒதுங்கினார். ஒதுங்க இடமில்லை. வெட்டிய ஓலை நுனியிலிருந்து மழை நேராக அவர் குடைமேலும், கக்கத்தில் இருந்த காகிதக்கட்டின்மேலும் கொட்டியது. இந்தப் பக்கம் நகர்ந்தார். இந்தப் பக்கமும் அப்படித்தான். குடையையும் காகிதத்தையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு எழுத முடியாமல் திணறினார்.

தட்டிக்கு உள்ளேயிருந்து காத்தமுத்துப் பெரியவர் எழுந்து வாசலுக்கு வந்தார். பின்னால் அந்த அரிக்கேன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கோழி கூடையில் இருந்தது.

“வெளிய நிக்க எடம் வைக்கலீங்க” என்றார். “உள்ள வந்துதான் எழுதணும்.”

ஆர்.ஐ. ஒரு தடவை மழையைப் பார்த்தார். ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு குடையை மடக்கினார். அந்த வாசல் மிகவும் தாழ்வு. தலையைக் குனிந்து, உள்ளே போனார்.